பத்தாம் ஆண்டில் கேட்க வேண்டிய கேள்வி

2001-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், அருகருகே வைத்தால் முட்டிக்கொள்ளும் இரண்டு எண்கள் இருக்கின்றன. புரோஸ்டேட் சுரப்பியை அகற்றியபின் சிறுநீர் கசிந்து, அதைத் தடுக்கச் செயற்கைச் சுருக்குத்தசை பொருத்திக்கொண்ட 71 ஆண்களைச் சராசரியாக 7.7 ஆண்டுகள் கழித்து விசாரித்தார்கள். கசிவை உறிஞ்சும் பேடே தேவைப்படாதவர்கள் 27 விழுக்காடு. ஆனால் மிகவும் திருப்தி என்றவர்கள் 58 விழுக்காடு, திருப்தி என்றவர்கள் 19 விழுக்காடு; அதிருப்தி அடைந்தவர்கள் 23 விழுக்காடுதான். நான்கில் மூவர் இன்னும் பேட் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான்கில் மூவர் திருப்தியாகவும் இருக்கிறார்கள்.

இந்த முரணைப் புரிந்துகொண்டால், ஆண்களின் சிறுநீர்க் கசிவுக்கான அறுவைச் சிகிச்சை நீண்ட காலத்தில் என்ன தருகிறது என்பதில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதிக்கு, அந்த ஆண் எந்த ஊரில், யாருடன், எத்தனை வயது வரை வாழப்போகிறார் என்று பார்க்க வேண்டும். அதைச் சிங்கப்பூரின் ஈசூன் நகரிலிருந்து பார்ப்பது பொருத்தம். 1980-களில் இளம் குடும்பங்களாக இங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் இன்று எழுபதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். பலதுறை மருந்தகம், 2010-இல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனை, அதன் பக்கத்தில் ஈசூன் சமூக மருத்துவமனை, சற்றுத் தள்ளித் தாதிமை இல்லங்கள் என்று முதுமையின் எல்லாப் படிகளும் ஒரே நகருக்குள் இருக்கின்றன. 2030-க்குள் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்திருப்பார் என்று அரசாங்கமே சொல்கிறது.

கசிவு எங்கிருந்து வருகிறது

புரோஸ்டேட் சிறுநீர்ப்பையின் வாயிலேயே உட்கார்ந்திருக்கும் சுரப்பி. புற்றுநோய்க்காக அதை முழுவதும் எடுக்கும்போது, பையின் கழுத்தில் தானாக இயங்கும் உட்புறச் சுருக்குத்தசையும் போய்விடுகிறது. மிஞ்சுவது கீழே இருக்கும் வெளிப்புறச் சுருக்குத்தசை ஒன்றுதான். அதன் வலுவும் நரம்புகளும் தப்பியிருந்தால் கட்டுப்பாடு மெல்லத் திரும்பும். இல்லாவிட்டால் இருமும்போதும் தும்மும்போதும் அரிசி மூட்டையைத் தூக்கும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் கசியும். சிலருக்கு நடந்தாலே கசியும்.

சிங்கப்பூரில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களின் வரிசையில் புரோஸ்டேட் மேலே இருக்கிறது. 2003 முதலே இங்கு ரோபோ கைகளின் துணையுடன் அந்த அறுவை நடக்கிறது. ரத்த இழப்பும் மருத்துவமனையில் தங்கும் நாள்களும் குறைந்தன. கசிவு மட்டும் ஒழிந்துவிடவில்லை.

எத்தனை பேருக்கு அது நிலைத்துவிடுகிறது? பிரிட்டனின் ‘புரொடெக்ட்’ ஆய்வு நம்பகமான விடை தருகிறது. 1,643 ஆண்களை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்றாகக் குலுக்கல் முறையில் பிரித்துப் பல்லாண்டு பின்தொடர்ந்தார்கள். அறுவைப் பிரிவில் ஆறாம் மாதத்தில் 46 விழுக்காட்டினர் பேட் வைத்திருந்தார்கள். ஆறாம் ஆண்டில் அது 17 விழுக்காடாகக் குறைந்தது. பன்னிரண்டாம் ஆண்டில் மறுபடி 24 விழுக்காடாக ஏறியது. முதல் ஓராண்டில் உடல் தானாகத் தேறுகிறது. பிறகு வயது தன் பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சிகிச்சையின் பலனை ஒருமுறை மட்டும் அளந்து முடித்துவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று.

கையில் இருக்கும் வழிகள்

முதல் வழி இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. அறுவைக்கு முன்பே தொடங்கினால் நல்லது. பயிற்சி செய்தும் ஆறு மாதத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் அறுவையைப் பற்றிப் பேசலாம், ஓராண்டாகியும் தொல்லை தந்தால் கண்டிப்பாகப் பேச வேண்டும் என்பது அமெரிக்க யூராலஜி சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம்.

லேசான, நடுத்தரக் கசிவுக்கு ஸ்லிங் எனப்படும் தாங்குபட்டை. விரைப்பைக்குப் பின்னால் சிறு கீறல் போட்டு, வலைப்பட்டை ஒன்றால் சிறுநீர்க்குழாயைச் சற்று மேலேற்றி நிறுத்துவார்கள். நோயாளி இயக்க வேண்டியது எதுவுமில்லை. ஏற்கெனவே கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் கடுமையான கசிவு உள்ளவர்களுக்கும் இது அவ்வளவாக உதவாது.

கடுமையான கசிவுக்குச் செயற்கைச் சுருக்குத்தசை. ஊதிப் பெருக்கும் வளையத்தால் சிறுநீர்க்குழாயை இறுக்கும் எண்ணம் பழையது. சிறுநீர்க் குழாயிடும் கருவிக்குத் தன் பெயரைத் தந்த ஃபோலி 1947-லேயே அதை முன்வைத்தார். உடலுக்குள் முழுவதுமாகப் புதைக்கும் கருவியை ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1972-இல் முதன்முதலாகப் பொருத்தினார்கள். 1980-களில் வந்த ஏஎம்எஸ் 800 என்ற வடிவம்தான் சிறு திருத்தங்களுடன் இன்றும் முதலிடத்தில் இருக்கிறது.

அதில் மூன்று பாகங்கள். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றுவார்களே, அதைப் போல் சிறுநீர்க்குழாயைச் சுற்றி ஒரு குட்டி வளையப்பட்டை. அடிவயிற்றுக்குள் ஒரு பலூன். விரைப்பைக்குள் ஒரு சின்ன பம்பு. எல்லாவற்றையும் இணைக்கும் குழாய்களில் திரவம் நிரம்பியிருக்கும். சிறுநீர் கழிக்க வேண்டும் என்றால், கழிப்பறைக்குள் போய், தோலுக்கு மேலாகவே பம்பைத் தேடிப் பிடித்து இரண்டு மூன்று முறை அமுக்க வேண்டும். பட்டையிலிருக்கும் திரவம் பலூனுக்குப் போகும், குழாய் திறக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் திரவம் தானாகத் திரும்பி வந்து பட்டை மூடிக்கொள்ளும். பொருத்திய உடனே இது வேலை செய்யாது. புண் ஆறுவதற்காக ஏறக்குறைய ஆறு வாரம் கருவியை அணைத்து வைத்திருப்பார்கள், அதுவரை டயப்பர்தான். இந்த ஆறு வாரத்தை முன்கூட்டியே சொல்லாவிட்டால், அறுவை தோற்றுவிட்டது என்று வீட்டில் எல்லாரும் முடிவுகட்டிவிடுவார்கள்.

எண்கள் சொல்வது

1996-இல் வெளிவந்த லிட்வில்லர் குழுவின் ஆய்வில் 90 விழுக்காட்டினர் திருப்தி தெரிவித்தார்கள். 92 விழுக்காட்டினர் மறுபடியும் இதையே செய்துகொள்வோம் என்றார்கள்; 96 விழுக்காட்டினர் நண்பருக்கும் பரிந்துரைப்போம் என்றார்கள். முழுக்க உலர்ந்திருந்தவர்கள் அவர்களில் சிறு பகுதியினரே. 2013-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 12 ஆய்வுகளில் இடம்பெற்ற 623 நோயாளிகளை ஒன்றாகப் பார்த்தது. முழு உலர்வு ஆய்வுக்கு ஆய்வு 4 விழுக்காட்டிலிருந்து 86 விழுக்காடு வரை மாறியது. ஒரு பேட் அல்லது அதற்கும் குறைவு என்று அளவுகோலைத் தளர்த்தினால், அது 61 முதல் 100 விழுக்காடு. கருவியில் மாற்றமில்லை, எதை வெற்றி என்பது என்ற வரையறை மாறியதும் எண் எகிறியது.

பிரிட்டனில் 380 ஆண்களைக் கொண்டு நடந்து, 2021-இல் வெளியான ‘மாஸ்டர்’ ஆய்வு ஸ்லிங்கையும் செயற்கைச் சுருக்குத்தசையையும் நேருக்கு நேர் நிறுத்தியது. ஒரு சொட்டு கசிந்தாலும் கசிவுதான் என்ற கறாரான கணக்கில், ஓராண்டுக்குப் பின் ஸ்லிங் பிரிவில் 87 விழுக்காட்டினருக்கும் சுருக்குத்தசைப் பிரிவில் 84.2 விழுக்காட்டினருக்கும் கசிவு இருந்தது. படித்தவுடன் இரண்டுமே தோல்வி என்று தோன்றும். ஆனால் 21-க்கு அளக்கும் கசிவு மதிப்பெண் 16-க்கு மேலிருந்து முறையே 8.7, 7.5 என இறங்கியிருந்தது. இரு பிரிவிலும் திருப்தி உயர்வாகவே இருந்தது. துணை அளவீடுகளில் வித்தியாசம் தெரிந்த இடங்களில் எல்லாம் செயற்கைச் சுருக்குத்தசை முந்தியது. கடுமையான பக்க விளைவுகள் ஸ்லிங்கில் குறைவு.

அது ஓராண்டுக் கணக்கு. நீண்ட காலக் கணக்குக்கு மேயோ கிளினிக்கின் 1,082 பேர் அடங்கிய பதிவு உதவுகிறது. மறு அறுவை தேவைப்படாமல் கருவி தாக்குப்பிடித்தது முதலாண்டில் 90 விழுக்காட்டினருக்கு. ஐந்தாம் ஆண்டில் 74, பத்தாம் ஆண்டில் 57, பதினைந்தாம் ஆண்டில் 41. காரணங்கள் நான்கு: கிருமித்தொற்று, பட்டை சிறுநீர்க்குழாயை அரித்து உள்ளே போய்விடுவது, நெடுநாள் அழுத்தத்தால் குழாயின் சதை மெலிந்துபோவது, கருவி பழுதாகித் திரவம் ஒழுகுவது. 65 வயதில் இதைப் பொருத்திக்கொண்டு 85 வரை வாழப்போகும் ஒருவர், இன்னொரு அறுவை வரும் என்று இப்போதே எண்ணிக்கொள்வது நல்லது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மறு அறுவையால் திருப்தி அப்படியொன்றும் சரிந்துவிடுவதில்லை. பழுதான கருவியை மாற்றிக் கசிவு மறுபடி கட்டுக்குள் வந்துவிட்டால், முதல்முறை பொருத்தியவர்களுக்கு ஏறத்தாழ நிகரான நிறைவை இவர்களும் சொல்கிறார்கள். திருப்தியை உடைப்பவை வேறு: முன்பு பெற்ற கதிர்வீச்சு, அரிப்பால் கருவியையே எடுக்க நேர்வது, அடக்க முடியாத அவசரம் என்ற இன்னொரு கோளாறைக் கவனிக்காமல் விடுவது, முற்றிலும் உலர்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு.

திருப்தி எதனால் ஆனது

ஒரு நாளைக்கு ஆறு பேட் மாற்றியவர் ஒன்றுக்கு இறங்கினால், அது வெறும் ஐந்து பேட் கணக்கு அல்ல. தோ பாயோவிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்காரத் தயங்க வேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவுக்கு எம்ஆர்டியில் போகும்போது வழியில் எந்த நிலையத்தில் கழிப்பறை எங்கே என்று மனத்துக்குள் வரைபடம் போட வேண்டியதில்லை. வாடை அடிக்கிறதோ என்ற சந்தேகம் போய்விடுகிறது. மனிதர் தன்னை நேற்றைய தன்னோடு ஒப்பிட்டே பதில் சொல்கிறார். அந்த வகையில் 77, 90 என்ற எண்கள் பொய்யில்லை.

ஆனாலும் அவற்றைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். பத்தாண்டு கழித்துக் கேட்கும்போது, இறந்துபோனவர்களும் நினைவு தப்பியவர்களும் கோபித்துக்கொண்டு வேறு மருத்துவரிடம் போனவர்களும் பதில் சொல்வதில்லை. பதில் சொல்கிறவர் பெரும்பாலும் நன்றாக இருக்கிறவர். அறுவையின் வலியைத் தாங்கி, சேமிப்பிலிருந்து பணம் கட்டிய ஒருவர், வீண்வேலை செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்வது எளிதல்ல. கேட்கிறவர் அறுவை செய்த மருத்துவரே என்றால் நன்றியும் சேர்ந்துகொள்ளும்.

நம் வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. ஆங்கிலம் சரளமாக வராத தந்தைக்கு மகள் மொழிபெயர்க்க உட்கார்ந்திருப்பார். “அங்கிள், இப்போ எப்படி இருக்கு?” என்று தாதி கேட்பார். விரைப்பையில் இருக்கும் பம்பு நழுவி மேலே போய்விடுகிறது என்பதையோ, மனைவியோடு இருக்கும் வேளையில் கசிகிறது என்பதையோ எந்தத் தகப்பன் மகளின் வாய்வழி சொல்வார்? “பரவாயில்லை, நல்லா இருக்கு” என்பதோடு பேச்சு முடியும். அது திருப்திக் கணக்கில் ஏறிவிடும். தமிழ் பேசும் தாதியிடம் தனியறையில் கேட்டால் விடை வேறாக இருக்கலாம்.

கருவியும் முதுமையும்

சுருக்குத்தசைக் கருவி நோயாளியின் விரல்களையும் நினைவையும் நம்பி வேலை செய்கிறது. அறுபத்தைந்தில் இரண்டும் நன்றாகவே இருக்கும். எண்பதில் மூட்டுவாதமோ பார்க்கின்சனோ பக்கவாதமோ வந்தால், பம்பை அமுக்கும் வலு போகும். மறதிநோய் வந்தால், அமுக்க வேண்டும் என்பதே மறந்துபோகும், சிறுநீர் தேங்கும். இப்படிப்பட்டவருக்குக் கருவியைத் திறந்த நிலையிலேயே நிறுத்திவைத்து, மறுபடி டயப்பருக்குப் போவதும் ஒரு வழி. அந்த முடிவை எடுக்க, கருவி உள்ளே இருப்பதே யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அதைவிட அபாயமானது குழாயிடுதல். வேறு ஏதோ நோய்க்காக அவசரப் பிரிவுக்கு வரும் முதியவருக்கு, வழக்கம்போல் சிறுநீரை வடிக்கும் குழாய் போடுவார்கள். பட்டை மூடியிருக்கும்போது குழாயைச் செருகினால் சதை கிழியலாம். குழாயை அப்படியே விட்டுவைத்தால் பட்டை அரித்து உள்ளே போகலாம். பத்தாண்டாக நன்றாக இருந்த கருவி ஓர் இரவில் போய்விடும். முதலில் பட்டையைத் திறந்து, கருவியை அணைத்து, மெல்லிய குழாயைக் குறுகிய நேரத்துக்கு மட்டும் போட வேண்டும். கருவி அட்டையைப் பணப்பையில் வைத்திருப்பதும், மனைவிக்கும் பிள்ளைக்கும் பணிப்பெண்ணுக்கும் சொல்லிவைப்பதும் அதனால்தான் முக்கியம். வெட்கத்தால் இதை ரகசியமாக வைத்திருப்பவர்தான் அதிகம் ஆபத்தில் இருக்கிறார்.

பம்பை அமுக்கும் சிக்கலுக்கு மாற்று வந்துகொண்டிருக்கிறது. மின்னணு முறையில் இயங்கும் சுருக்குத்தசை ஒன்றை 2022-இல் பிரான்சில் முதன்முறையாக ஒருவருக்குப் பொருத்தினார்கள். அதன் பத்தாண்டுக் கணக்கைக் காண நாம் 2032 வரை காத்திருக்க வேண்டும்.

வழிபாடும் பொதுக் கழிப்பறையும்

மேலை நாட்டுக் கேள்வித்தாள்கள் பயணம், விளையாட்டு, உறக்கம், உறவு என்று கேட்கின்றன. ஈசூனில் இன்னும் சிலவற்றைச் சேர்த்துக் கேட்க வேண்டும். புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துப் பங்குனி உத்திரத்தில் காவடி எடுத்துப் பழகியவர், ஈரத் துணியோடு சந்நிதியில் நிற்கக் கூடாது என்று ஒதுங்கிவிடுகிறார். காரணம் கேட்டால் முட்டுவலி என்பார். தாருல் மக்மூர் பள்ளிவாசலுக்கு ஐவேளையும் போய்க்கொண்டிருந்தவருக்கு, ஒவ்வொரு சொட்டும் தொழுகைக்கு முந்திய தூய்மையான ஒளூவை முறித்துவிடுமே என்ற கவலை. தொடர் கசிவு உள்ளவர் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் புதிதாக ஒளூ செய்துகொண்டு தொழலாம் என்ற சலுகை மார்க்கச் சட்டத்தில் இருக்கிறது. அது தெரியாமல், அல்லது தெரிந்தும் மனம் ஒப்பாமல், ஜமாஅத் என்னும் கூட்டுத் தொழுகையை விட்டு வீட்டிலேயே தொழுபவர்கள் உண்டு. இப்படிப்பட்டவருக்குக் கசிவு ஒரு பேட் அளவுக்குக் குறைந்தது வெற்றியா? மருத்துவர் ஆம் என்பார். வழிபடுபவர் இல்லை என்பார். அறுவைக்கு முன்னால் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், எதை வாக்களிக்க முடியும், எதை முடியாது என்று மருத்துவர் நேராகச் சொல்லலாம்.

பேட் வைத்திருக்கும் ஆண் அதை வெளியில் எங்கே மாற்றுவார், எங்கே போடுவார் என்பதும் திருப்தியின் ஒரு பகுதியே. பெண்கள் கழிப்பறையில் அதற்கென்று மூடியிட்ட தொட்டி இருப்பது வழக்கம். ஆண்கள் பக்கம் யாரும் அதை நினைப்பதில்லை. பிரிட்டனில் புரோஸ்டேட் புற்றுநோய் அமைப்பு ஒன்று ஆண்கள் கழிப்பறையிலும் தொட்டி வை என்று இயக்கமே நடத்துகிறது. ஜேக் சிம் 2001-இல் உலகக் கழிப்பறை அமைப்பைத் தொடங்கியதும், அதன்வழி நவம்பர் 19 ஐநா ஏற்ற உலகக் கழிப்பறை நாளானதும் நம் சிங்கப்பூரிலிருந்துதான். உணவங்காடி நிலையத்து ஆண்கள் கழிப்பறையில் ஒரு தொட்டி வைப்பதற்கு அறுவை அரங்கு தேவையில்லை.

கணக்கில் வராதவர்கள்

திருப்தி ஆய்வுகளின் பெரிய ஓட்டை இன்னொன்று. அவை அறுவை செய்துகொண்டவர்களை மட்டும் கேட்கின்றன. கனடாவின் ஒன்டாரியோவில் புரோஸ்டேட் அகற்றிக்கொண்ட 25,346 ஆண்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, கசிவுக்காக அறுவை செய்துகொள்ளும் வாய்ப்பு பதினைந்து ஆண்டில்கூட 4.8 விழுக்காடுதான் என்று தெரிந்தது. புரொடெக்ட் ஆய்வில் பேட் வைத்திருந்தவர்களோ 17, 24 விழுக்காடு. நாடு வேறு, ஆய்வு முறை வேறு. ஆனாலும் இடைவெளி கண்ணில் படாமல் போகாது. பேட் வைத்திருக்கும் எல்லாருக்கும் அறுவை வேண்டியதில்லை. பலருக்கு ஒரு மெல்லிய பேடே போதும். ஆனால் வேண்டியிருந்தும் வராதவர்கள் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறார்கள்.

ஏன் வருவதில்லை? புற்றுநோய் போனதே பெரிது, இதையும் போய்க் கேட்பதா என்ற கூச்சம். வயதானால் இப்படித்தான் என்ற நினைப்பு. மறுபடியும் கத்தியா என்ற பயம். சிகிச்சை இருப்பதே தெரியாமை. லிட்டில் இந்தியாவை ஒட்டி நிற்கும் கேகே மருத்துவமனையில், பிரசவத்துக்குப் பிந்திய கசிவைப் பற்றிப் பெண்கள் பேச ஓர் இடம் இருக்கிறது. ஆண்கள் காப்பிக்கடையில் சர்க்கரை அளவைச் சொல்வார்கள், இதயத்தில் அடைப்பு எத்தனை என்று சொல்வார்கள்; கசிவைச் சொல்ல மாட்டார்கள்.

பணமும் ஒரு காரணம். மருத்துவமனைச் சிகிச்சை என்றால் மெடிசேவ் சேமிப்பு, மெடிஷீல்ட் லைஃப் காப்புறுதி என்று கை கொடுக்க வழிகள் உண்டு. கட்டணத்தில் பெரும்பகுதியைக் கருவியே விழுங்கும் என்பதால், எவ்வளவு கைக்காசு போகும் என்று மருத்துவச் சமூக ஊழியரிடம் முன்பே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கில், மாதாமாதம் பேரங்காடியில் டயப்பருக்குக் கொடுக்கும் வெள்ளியையும் பத்தாண்டுக்குப் பெருக்கிப் பக்கத்தில் எழுதிப் பார்ப்பதுதான் நியாயமான ஒப்பீடு.

முடிவாக

செயற்கைச் சுருக்குத்தசையும், பொருத்தமானவர்களுக்கு ஸ்லிங்கும் பெரும்பான்மை ஆண்களுக்கு நீண்ட கால நிறைவைத் தருகின்றன என்பதைக் கால் நூற்றாண்டு ஆய்வுகள் உறுதிப்படுத்துகின்றன. அந்த நிறைவு முழு உலர்வால் வந்ததல்ல. வெளியே போய்வரும் சுதந்திரத்தால் வந்தது. எனவே அறுவைக்கு முன் தர வேண்டிய வாக்குறுதியும் அந்த அளவில்தான் இருக்க வேண்டும்: குறையும், ஆனால் சில சொட்டுகள் இருக்கலாம், ஆறு வாரம் பொறுக்க வேண்டும், பத்தாண்டுக்குள் இன்னொரு அறுவை வர பாதிக்குச் சற்றுக் குறைந்த வாய்ப்பு உண்டு, கையும் நினைவும் தளரும் காலத்துக்கு இப்போதே ஏற்பாடு வேண்டும். இதையெல்லாம் கேட்டபின்னும் சரி என்பவர் பிற்பாடு ஏமாறுவது அரிது.

மருத்துவமனைகளின் பங்கு அறுவையோடு முடிவதில்லை. முதலாண்டுப் பரிசோதனையில் கேட்கும் அதே கேள்விகளைப் பத்தாம் ஆண்டிலும் கேட்க வேண்டும். பம்பை அமுக்க முடிகிறதா, வீட்டில் யாருக்கு இது தெரியும், கருவி அட்டை எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதற்குச் சிறப்பு மருத்துவர் தேவையில்லை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே முதியவரைப் பார்க்கும் பலதுறை மருந்தகத்துத் தாதியே கேட்கலாம். அறுவையே செய்துகொள்ளாத ஆணிடமும் அவர் ஒரு கேள்வி கேட்கலாம்: “ஐயா, பேட் வைக்கிறீர்களா?” இதுவரை யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்தவர்களில் எத்தனை பேர் ஆம் என்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினால்தான், ஈசூனுக்கென்று ஒரு திருப்திக் கணக்கு உருவாகும்.